பெயரிலார் கூடும் அவை

மொட்டைக் கடிதத்தை அறியாத ஆசிரியர் எவருமிலர். முப்பதாண்டுப் பணியிலே எனக்கும் சில வந்தன. படித்தபின் அடுப்பிலிட்டேன், தீங்கும் அம்மட்டில் ஒழிந்தது. எழுதியவன் தனியன், அவனுக்குக் கைதட்ட அருகில் ஒருவருமிலர். இணையத்திலே இன்று பெயரின்றி எழுதுவோன் தனியனல்லன்.

2013ஆம் ஆண்டிலே பிறெட்றிக் பிறெனன் என்னும் அமெரிக்க இளைஞர் ‘எயிற்சான்’ என்றோர் இணைய மன்றத்தை நிறுவினார். பெயர் வேண்டுவதில்லை, அமெரிக்கச் சட்டத்துக்கு மாறாகாத எதனையும் எழுதலாம். 2019 மார்ச் 15இல் நியூசீலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரப் பள்ளிவாசல்களிலே தொழுகைக்குக் கூடியோரைச் சுட்டவன், தன் எண்ணத்தை முன்னதாக அம்மன்றத்திலேதான் அறிவித்தான். 51 பேர் மாண்டனர். அவனெழுத்திலே பகிடிகள் மலிந்திருந்தன. மன்றத்தார் சிலர் அவனைப் புகழ்ந்தனர். ஏப்பிரலிலே கலிபோர்னியாவின் பொவே நகர யூத ஆலயத்திலும், ஓகஸ்டிலே ரெக்சாஸின் எல் பாசோ அங்காடியிலும் சுட்டோர் முன்னவனைத் தம் எழுத்திலே போற்றினர். அவ்வெழுத்துக்களும் அம்மன்றத்திலேயே வெளிப்பட்டன.

“ஐயா, அதெல்லாம் பகிடிக்கு எழுதிறதுதானே” என்றான் என் உயர்தர வகுப்பு மாணவனொருவன். அச்சொல் என்னை நெடுநாள் வருத்தியது. நூறுபேர் பகிடியாகச் சொல்வதை ஒருவன் மெய்யென்று கொள்வான். எவன் நகைக்கின்றான், எவன் துவக்கை எடுத்துவைத்துக் காத்திருக்கின்றான் என்பதைப் பெயரிலார் கூட்டத்திலே யாரறிவார்? அஞ்சத்தக்க சொல்லை அஞ்சாது கேட்கப் பழக்கிவிடுவதும் அப்பகிடியே.

பெயரின்மையே குற்றமென்று யான் கூறவில்லை. செம்புலப்பெயனீராரின் இயற்பெயரை அறிந்தவர் யார்? பாட்டின் தொடரே அவருக்குப் பெயராயிற்று. வலியோருக்கு அஞ்சி உண்மையை ஒளிந்துரைக்கவேண்டிய காலத்தையும் இந்நாட்டிலே நாம் கண்டிருக்கின்றோம். பத்திரிகைகளிலும் புனைபெயரில் எழுதுவோர் உளர். ஆயின் பத்திராதிபர் அவர்தம் பெயரை அறிவர், தகாததை நீக்குவர், வழக்கு வரின் நீதிமன்றிலே தாம் நிற்பர். (சிலவேளை தக்கதையும் நீக்குவர், அது வேறு கதை.) எயிற்சானிலே அவ்விடத்தில் நிற்க ஒருவருமிலர்.

எல் பாசோக் கொலைகளின்பின் அம்மன்றத்தை மூடுக என்றவர், அதனை நிறுவிப் பின் விலகிய பிறெனனே! அதற்குக் காப்பளித்த கிளவுட்பிளேயர் நிறுவனமும் கைவிட்டது. மூன்று மாதம் மறைந்திருந்து, நவம்பரிலே ‘எயிற்குன்’ என்ற பெயரோடு அது மீண்டது. ஆதலின் மூடுதலை மட்டும் நம்பிப் பயனில்லை. சட்டத்தால் வாயடைக்கப் புகுந்தாலோ, குற்றமற்றோர் வாயும் அடைபடும். 2024இல் இங்கு நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நம் பத்திரிகையாளர் எதிர்த்தமை காரணமின்றியன்று. பெயரை மறைத்து எழுதுவோன் மறைத்தே எழுதுக. மன்றத்தை நடத்துவோன் மட்டும் தன் பெயரோடு முன்னின்று, கொலையைப் போற்றும் எழுத்தை நீக்கும் கடமையை ஏற்கவேண்டும் என்பதே யான் வேண்டுவது.

மாணவனை யான் கடியவில்லை. அப்பகிடிகளுள் ஒன்றைத் தாயாருக்கு வாசித்துக் காட்டுவாயோ என்றேன். சற்றுநேரம் நிலத்தைப் பார்த்து நின்றான். “ஏலாது ஐயா” என்றான். வருகின்ற திங்கட்கிழமை வகுப்பிலே இதனைப்பற்றியே பேசவிருக்கின்றோம். புணரியல் ஒருவாரம் பொறுத்துக்கொள்ளும்.