பொதுப்பணத்தில் தொழிற்பயிற்சி: நம் பிள்ளைகள் ஏன் பாதியில் நிற்கிறார்கள்?



அண்மையில் ஒரு தகப்பனும் மகனும் என் அலுவலகத்திற்கு வந்தனர். தகப்பன் 19 ஆண்டுகளாகக் கட்டுமானத் தளங்களில் கம்பி கட்டுபவர். வரைபடத்தைப் பார்த்ததும் எத்தனை கம்பி, என்ன இடைவெளி என்று சொல்லிவிடுவார். ஆனால் சான்றிதழ் கிடையாது, இன்றும் நாள் கூலிதான். மகன் கடன் வாங்கி ஒரு பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தான். மூன்றாம் மாதமே நின்றுவிட்டான். இப்போது கடனைக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. "மோட்டாருக்கு எண்ணெ போடவே காசில்ல லாயர். இவன் வேலைக்குப் போனாதான் வாடகை கட்ட முடியும்" என்றார் தகப்பன்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள். நான் கணக்குக் கேட்கிறேன்.

1994-ஆம் ஆண்டின் 520-ஆவது சட்டத்தின் கீழ் அமைந்தது கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம், அதாவது சிஐடிபி. 5 லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட கட்டுமானக் குத்தகைகளுக்கு அது 0.125 விழுக்காடு லெவி வசூலிக்கிறது. 10 கோடி வெள்ளித் திட்டம் என்றால் 125,000 வெள்ளி. தொழிலாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் அந்த வாரியத்தின் கடமைகளில் ஒன்று. குத்தகையாளர் கட்டும் லெவி, வீட்டின் விலையிலும் கடை வாடகையிலும் சேர்ந்து கடைசியில் நம் தலையில்தான் விழுகிறது. ஆக, அது எல்லா இனத்தவரின் பணம்.

புத்ராஜெயா எழுந்தது பெராங் பெசார் தோட்ட மண்ணில். அங்கு பால் மரம் வெட்டியவர்களை டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் பெயர்த்தார்கள். நிர்வாகத் தலைநகர் கட்ட நிலத்தைக் காலி செய்தவர்களின் பிள்ளைகளுக்கு, அதைக் கட்டும் தொழிலையாவது முறையாகக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டாமா?

கேட்டால் 153-ஆவது பிரிவைக் காட்டுகிறார்கள். அப்பிரிவு பயிற்சி வாய்ப்புகளில் மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் நியாயமான ஒதுக்கீட்டை அனுமதிக்கிறது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மற்ற சமூகங்களின் நியாயமான நலன்களைப் பாதுகாக்க வேண்டும் என்றும் அதே பிரிவின் முதல் வாசகம் சொல்கிறது. மாணவர்களுக்குப் பொதுநிதியிலிருந்து உதவி வழங்குவதில் இனப் பாகுபாடு கூடாது என்கிறது 12-ஆவது பிரிவு. ஆகவே, எதற்கெடுத்தாலும் "மித்ராவிடம் போங்கள்" என்று நம்மைத் தனி முகப்புக்கு அனுப்புவதை ஏற்க முடியாது.

நமது கோரிக்கைகள் நான்கு.

1. வருமானம் குறைந்த குடும்பத்துப் பயிற்சியாளர்களுக்குக் கடனுக்குப் பதிலாக உதவித்தொகை வேண்டும். 2025 முதல் குறைந்தபட்ச ஊதியம் 1,700 வெள்ளி. அதை அளவுகோலாகக் கொள்ளலாம்.

2. வகுப்பில் உட்காராமலே அனுபவத்தைக் கொண்டு மலேசியத் திறன் சான்றிதழ் பெற பிபிடி என்ற முறை உண்டு. ஆனால் செய்த வேலைக்கு ஆதாரங்களைத் தொகுத்துக் கோப்பாகக் கொடுக்க வேண்டும். சம்பளச் சீட்டே பார்க்காத நாள் கூலிக்காரர் எங்கே போவார்? அவரை வேலைத்தளத்திலேயே சோதித்துச் சான்றளியுங்கள்.

3. இங்கேயே பிறந்தும் நீல அடையாள அட்டை இல்லாத இளைஞர்களுக்கும் பயிற்சிக் கூடத்தின் கதவு திறக்கட்டும்.

4. யார் சேர்ந்தார்கள், யார் முடித்தார்கள், யாருக்கு வேலை கிடைத்தது என்பதை இனவாரியாகவும் வருமானவாரியாகவும் ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

இது வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கு எதிரான குரல் அல்ல. அவர்களும் நம் பாட்டன்களைப் போலக் கூலிக்குக் கடல் கடந்தவர்களே.

வாசகர்களே, உங்கள் பிள்ளை பயிற்சிக்கு விண்ணப்பித்தால் நகல் எடுத்து வையுங்கள். இடம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முகப்பில் வாய்மொழியாகச் சொல்லும் பதிலோடு வீடு திரும்பாதீர்கள். உதவித்தொகை உண்டா, கடனா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். காகிதம் இருந்தால்தான் வழக்கறிஞரும் வாதாட முடியும்.

அந்தத் தகப்பனின் பிபிடி கோப்பை இப்போது தயாரித்துக் கொண்டிருக்கிறோம். 19 ஆண்டு உழைப்புக்குச் சாட்சி சொல்ல, அவரோடு கம்பி கட்டிய நால்வர் முன்வந்திருக்கிறார்கள். உங்கள் தாமானிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள்.