கடன் பத்திரத்தை வாசிக்கும் கல்வி

சங்ககிரிக் கோட்டையில் 1805இல் தூக்கிலிடப்பட்ட, திப்புவின் தோழர் தீரன் சின்னமலையின் வரலாற்றை நம் பிள்ளைகள் பள்ளியில் பயில்கிறார்கள். கூட்டு வட்டிச் சூத்திரமும் அறிவார்கள். ஆயினும் லாரிகளும் தவணைக் கடன்களும் நிறைந்த இந்த நாமக்கல், சேலம் மண்ணில் ஒரு கடன் பத்திரத்தை வாசித்துப் புரிந்துகொள்ள அவர்களுள் பலருக்குத் தெரிவதில்லை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282, தவணைக் கடனை நீதியுடன் எழுதி, சாட்சிகளையும் ஏற்படுத்துமாறு பணிக்கிறது. ஆகவே, வட்டி ஹராம் என்று போதிப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழகத்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதையும், வெற்றுத் தாளில் கையெழுத்திடலாகாது என்பதையும் சமூக அறிவியல் வகுப்பு கற்பிக்க வேண்டும். அதைப் பெற்றோர் கூட்டங்களில் நாம் கேட்டுப் பெறுவோம். மக்தபிலும் வீட்டிலும் இன்றே தொடங்குவோம்.