கையெழுத்து நம்முடையது, பதில் யாருக்கு?

கிராம சபை நாளன்று காலையில் நம் தெருவுக்கு ஆள் வருவார். "எல்லாரும் வாங்க, ஆள் குறையுது" என்பார். நம் பெண்கள்தான் முதலில் கிளம்புவார்கள். பந்தலுக்குள் நுழைந்ததும் ஒரு நோட்டில் கையெழுத்து அல்லது கைநாட்டு. பிறகு ஓரமாக உட்கார்ந்து, வாசிக்கிற தீர்மானங்களைக் கேட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். சுடுகாட்டுப் பாதையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போனார்களே, அதைக் கேட்கவில்லையா? கேட்டார்கள். "எழுதிக்கிறோம்மா" என்று பதில் வந்தது. அடுத்த கூட்டத்திலும் அதே கேள்வி, அதே பதில்.

இதை நாங்கள் ஏதோ ஓர் ஊரில் மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. போன ஊர்களிலெல்லாம் சிறு மாற்றங்களோடு இதே கதைதான். ஆகவே ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டியிருக்கிறது. மக்கள் பங்கேற்பு என்று அரசு சொல்வது எதை? நம் தலையை எண்ணுவதையா, நம் பேச்சுக்குப் பதில் சொல்வதையா?

"ஆள் குறையுது" என்பதற்கு விதியில் ஒரு கணக்கு இருக்கிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை என்றால் 200 பேர், அதற்கு மேல் 300 பேர் கலந்துகொண்டால்தான் கிராம சபைக் கூட்டம் செல்லும். இதைக் குறைவெண் என்கிறார்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 ஆகியவையும் 2022 முதல் சேர்ந்துகொண்டன. ஆண்டுக்கு ஆறு முறை இந்தக் கணக்கை நிரப்பியாக வேண்டும். நிரப்புவதில் பெரும்பங்கு ஏழைகளுடையது.

இதை ஆய்வாளர்களும் சொல்லியிருக்கிறார்கள். திமோத்தி பெஸ்லி, ரோகிணி பாண்டே, விஜயேந்திர ராவ் ஆகிய மூவரும் தென்னிந்தியக் கிராமங்களில் குடும்பம் குடும்பமாகத் தகவல் திரட்டிச் செய்த ஆய்வு 2005-இல் வெளியானது. சமூகத்தில் மிகவும் பின்தள்ளப்பட்டவர்கள்தான் கிராம சபைக்கு வருகிறார்கள் என்பது அதன் முக்கிய முடிவு. கூட்டம் நடக்கிற ஊர்களில் அரசின் உதவி உண்மையிலேயே தேவைப்படுவோருக்குக் கூடுதலாகப் போய்ச் சேருகிறது என்றும் அது காட்டியது. வசதியுள்ளவருக்குக் காரியம் ஆக அலுவலகத்தில் தெரிந்தவர் இருக்கிறார். நமக்கு இருப்பது கூட்டம் ஒன்றுதான். "அங்கே போய் என்ன ஆகப்போகுது" என்று சலித்துக்கொள்ளும் நம் இளைஞர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஆனால் வந்தவர்கள் எல்லோருடைய பேச்சுக்கும் ஒரே மரியாதை கிடைக்கிறதா? ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராம சபைகளில் பேசப்பட்டதை எழுத்தாக்கி ஆராய்ந்தார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு இது: ஆண்களைவிடப் பெண்கள் பேசுவது குறைவு, அவர்கள் எழுப்பும் பொருள் கூட்டத்தின் பேச்சுப் பொருளாக மாறுவது குறைவு, கேட்ட கேள்விக்கு உரிய பதிலை அதிகாரிகளிடமிருந்து அவர்கள் பெறுவதும் குறைவு. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் பெண்களின் குரல் கேட்கப்படும் வாய்ப்பு கூடுகிறது.

அந்த ஆய்வு எடுத்துக்கொண்டது ஆண், பெண் வேறுபாட்டை. நம் தெருப் பெண்களுக்கோ அந்தத் தடையோடு சாதித் தடையும் சேர்கிறது. ஊர்த்தெருக்காரர் எழுந்து கேட்டால் "ஐயா, பார்த்துச் செய்கிறோம்" என்ற பதில். நம் அம்மா எழுந்து கேட்டால் "உட்காரும்மா, எழுதிக்கிறோம்" என்ற பதில். இந்த வேறுபாட்டை அளக்கக் கருவி வேண்டாம், காது போதும்.

இட ஒதுக்கீடு குரலைக் கூட்டும் என்று ஆய்வு சொல்கிறது. நம் அனுபவமும் அதுதான். அதனால்தான் ஒதுக்கீட்டின் மேல் ஆதிக்கச் சாதியினருக்கு அத்தனை கோபம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை ஒரு தலித் தலைவரை நாற்காலியில் உட்காரவிடாமல் பத்தாண்டுகள் ஓட்டினார்கள். மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள்.

அதெல்லாம் பழங்கதை என்போருக்கு 2022-இன் கணக்கு இருக்கிறது. தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் ஆய்வு செய்தது. 22 ஊராட்சிகளில் தலித் தலைவர்களுக்கு உட்கார நாற்காலி இல்லை. 20 ஊராட்சிகளில் தேசியக் கொடி ஏற்ற விடவில்லை. அந்த ஆகஸ்ட் மாதம் தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யும்படி தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. தலைவருக்கே நாற்காலி இல்லாத ஊரில், தரையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள்?

அந்த நாற்காலியும் பிறகு காலியானது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. பதவிக்காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டம். தேர்தல் நடக்கவில்லை; தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். இதில் எல்லா ஊருக்கும் இழப்பு உண்டு என்றாலும் எல்லோருக்கும் ஒரே அளவு இழப்பு இல்லை. வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போய்ப் பேசும் செல்வாக்கு உள்ளவர்களுக்குத் தலைவர் இல்லாதது பெரிய குறையில்லை. நம் தெருவுக்கு வார்டு உறுப்பினர்தான் அலுவலகம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் அவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்போம். அந்த வாசல் அடைபட்டால் மிஞ்சுவது கிராம சபை மட்டுமே.

பணம் இல்லாமல் இல்லை. பட்டியல் சாதிக் குடியிருப்புகளை மேம்படுத்த அயோத்திதாச பண்டிதர் பெயரில் ஐந்தாண்டுகளில் 1,000 கோடி ரூபாய் செலவிடும் திட்டத்தை அரசு 2023-இல் அறிவித்தது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னார். இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் எந்தத் தெருவுக்கு என்ன வேலை முதலில் வேண்டும் என்பதைத் தெருக்காரர்கள் சொல்லாவிட்டால், ஏற்கெனவே சாலை உள்ள இடத்தில் மறுபடி சாலை விழும். பிணத்தைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் நடப்பவர்கள் அப்படியே நடப்பார்கள். பெயர்ப்பலகை மாறிய தெருவிலும் தண்ணீர் கடைசியாகத்தான் வரும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில உண்டு.

வாயால் கேட்டதைத் தாளிலும் கொடுப்போம். கூட்டத்துக்கு முந்தின நாளே தெருவில் உட்கார்ந்து, மிக அவசரமான ஒன்றையோ இரண்டையோ மட்டும் முடிவு செய்து, மனுவாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். "எழுதிக்கிறோம்" என்றால் "தீர்மானமாக எழுதி இங்கேயே வாசித்துக் காட்டுங்கள்" என்று கேட்போம். வாசிக்காத தீர்மானத்துக்கு அடியில் கையெழுத்துப் போடக் கூடாது.

கூட்டம் நடக்கும் இடத்தைக் கவனிப்போம். மதம் சார்ந்த வளாகத்தில் கிராம சபையை நடத்தக் கூடாது என்று ஆட்சியர்களின் அறிவிப்பிலேயே சொல்கிறார்கள். நாம் நுழையத் தயங்கும் கோயில் வாசலில் பந்தல் போட்டால் அங்கேயே ஆட்சேபணை சொல்வோம். ஒரு கூட்டமாவது நம் குடியிருப்பில் நடக்க வேண்டும் என்று தீர்மானமே கொண்டுவருவோம்.

அடுத்த வேலை மாணவர்களுக்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் கிராம சபைத் தீர்மான நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கடந்த மூன்று ஆண்டுத் தீர்மானங்களை எடுத்து உட்காருங்கள். நம் தெரு எத்தனை முறை கேட்டது, எத்தனை முறை அது தீர்மானமானது, எத்தனை தீர்மானம் வேலையாக மாறியது என்று மூன்று பத்திகளில் எழுதுங்கள். பல்கலைக்கழகம் செய்யும் ஆய்வுக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. அடுத்த கிராம சபையில் அந்தத் தாளை எல்லோர் முன்னும் வாசித்துக் காட்டுங்கள். அன்றைக்கு "எழுதிக்கிறோம்மா" என்று சொல்லி நம் அம்மாக்களை உட்காரவைப்பது அத்தனை எளிதாக இருக்காது.

ஆறு கூட்டங்களுக்கும் நம்மைத் தேடி வருகிறார்கள். வரட்டும், போவோம். ஆனால் இனி நம் கையெழுத்துக்கு முன்னால் அவர்களின் பதில் வர வேண்டும்.