பாலாத்துல மிதவை போட யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்?

நம்ம பாலாறு ஒரு தேசிய நீர்வழின்னு சொன்னா எத்தனை பேர் நம்புவீங்க? சிரிக்காதீங்க மக்களே, நெசமாத்தான். 2016-ல வந்த தேசிய நீர்வழிகள் சட்டத்துல மொத்தம் 111 நீர்வழிகள். அதுல 75-வது நம்ம பாலாறு. வேலூர் விருதம்பட்டுல ஆரம்பிச்சு சதுரங்கப்பட்டினத்துல கடல்ல சேர்ற வரைக்கும் சுமார் 140 கிலோமீட்டர். ஆம்பூர்ல பொறந்து, பாலாத்து மணல்ல கிரிக்கெட் ஆடி வளந்தவன் நான். எங்க பக்கம் படகுன்னா ஏலகிரி மலை மேல இருக்கற புங்கனூர் ஏரிதான். அதுவும் பெடல் போட் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். ஒரு ஆறு இந்தப் பட்டியல்ல ஏறிட்டா, அதுல கப்பல் போக்குவரத்து சம்பந்தப்பட்ட பொறுப்பு நொய்டாவுல இருக்கற இந்திய உள்நாட்டு நீர்வழிகள் ஆணையத்துக்குப் போயிடும். ஆழம் பார்க்கறது, படகு போற பாதையக் குறிக்கறது, ஆத்துக்குக் குறுக்க எதையாவது கட்டினா அதை ஒழுங்குபடுத்தறது எல்லாம் அவங்க கையில. நாளைக்கு நானே ஒரு பிளாஸ்டிக் பீப்பாய்க்கு சிவப்பு பெயிண்ட் அடிச்சு 'இந்தப் பக்கம் போகாதே'ன்னு மிதக்க விட முடியாது.

இதுவும் ஒரு லைசென்ஸ் ராஜ்தானான்னு எடுத்தவுடனே திட்டத் தோணும். ஆனா இந்த விஷயத்துல அனுமதி கேக்கறது நியாயம்னுதான் நான் சொல்வேன். 1971 ஜனவரியில இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவுல டோவர் ஜலசந்தியில 'டெக்சாகோ கரீபியன்'னு ஒரு டேங்கர் கப்பல் மோதி மூழ்குச்சு. அடுத்த நாளே 'பிராண்டன்பர்க்'னு இன்னொரு கப்பல் வந்து அந்த உடைசல் மேலயே மோதி மூழ்குச்சு. அப்புறம் அந்த இடத்தை அடையாளம் போட்டு வச்சாங்க. அப்படியும் சில வாரத்துல 'நிக்கி' வந்து அங்கயே மோதுச்சு. மொத்தம் 51 உயிர். அன்னிக்கு உலகத்துல முப்பதுக்கும் மேல மிதவை முறைகள் இருந்துச்சு. ஒரு நாட்டுல 'வா'ங்கற அடையாளம் இன்னொரு நாட்டுல 'போ'. எங்க பொழப்புல சொல்லணும்னா, ஆளாளுக்கு ஒரு கோடிங் ஸ்டாண்டர்டு வச்சுகிட்டு ஒரே சர்வர்ல கை வச்ச கதை. 1980-ல டோக்கியோவுல உக்காந்து பேசித்தான் ஒரு வழிக்கு வந்தாங்க. அதுலயும் முழு ஒத்துமை இல்லை. இந்தியாவுல கடல்லேர்ந்து துறைமுகத்துக்குள்ள வரும்போது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அமெரிக்காவுல அப்படியே உல்டா!

அந்த அமெரிக்காவுல தனியார் மிதவைக்கு ஒரு ஃபாரமே இருக்கு. உங்க சொந்தப் படகுத்துறைக்கு முன்னாடி ஒரு மிதவை போடணும்னாலும் அதை நிரப்பி கடலோரக் காவல்படைக்கு அனுப்பி அனுமதி வாங்கணும். போட்ட பிறகு ஒழுங்கா வச்சிருக்கறதும் உங்க பொறுப்பு. அடையாளமே இல்லைன்னா மனுஷன் பயந்து பார்த்துப் போவான். தப்பான அடையாளம் இருந்தா நம்பிப் போய் சாவான். அதனால கண்டிப்பு வேணும்.

என் கோபம் வேற இடத்துல. பாலாத்துல சாகறவன் கப்பல்ல வர்றவன் இல்லை. மணல் அள்ளின பள்ளத்துல தண்ணி நிக்கறது தெரியாம இறங்கற பையன். தரைப்பாலத்து மேல எவ்வளவு தண்ணி ஓடுதுன்னு தெரியாம பைக்கை விடற ஆளு. 2021 நவம்பர்ல ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுச்சே, அப்ப எங்க வரைக்கும் ஆறு, எங்கேர்ந்து ஊருன்னு சொல்ல எத்தனை இடத்துல கல்லு இருந்துச்சு? வாணியம்பாடியில ஒரு தூண் நிக்குது, 1903 நவம்பர் வெள்ளத்துல செத்தவங்க நினைவா. செத்ததுக்கப்புறம் நட்ட அடையாளம் அது. மழை நாள்ல பள்ளத்தோரமா யாரோ ஒரு புண்ணியவான் குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டி வச்சிருப்பார் பாருங்க, என்னைக் கேட்டா இந்த ஆத்துல உருப்படியா இருக்கற ஒரே வழிகாட்டி மிதவை அதுதான். பர்மிஷன் வாங்காதது!

இதைவிட எரிச்சல் ஒண்ணு உண்டு. 1985 ஆணையச் சட்டத்தைப் புரட்டினா, தேசிய நீர்வழியில குப்பை கொட்டறது, படுகையிலேர்ந்து பொருளை அள்ளறது இதையெல்லாம் கட்டுப்படுத்தற அதிகாரம் இருக்கு. ஆஹான்னு நிமிர்ந்து உக்காந்தா, பின்னாடியே வால் மாதிரி ஒரு நிபந்தனை: போக்குவரத்தையும் படகுப் பாதையையும் பாதிக்கற அளவுக்கு மட்டும். படகே இல்லாத ஆத்துல என்னத்த பாதிக்கும்? ஆக, மணல் லாரிக்கு இந்தச் சட்டத்தால ஒரு தொந்தரவும் இல்லை.

அதோட, நீர்வழி தொடங்கறதே விருதம்பட்டுலதான். வாணியம்பாடி, ஆம்பூர் எல்லாம் அதுக்கு மேல. அதாவது தோல் கழிவு ஆத்துல எறங்கற எங்க ஊருங்க கணக்குலயே இல்லை. அதுக்கு 1996 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லி, மறுபடி 2025 ஜனவரியிலயும் சொல்ல வேண்டி வந்தது தனிக்கதை.

எனக்குப் பெரிய ஆசை எல்லாம் இல்லை. பாலாத்தைப் பட்டியல்லேர்ந்து தூக்கினாலும் சரி, வச்சிருந்தாலும் சரி. அடையாளம் போட அனுமதி தர்ற அதிகாரம் எந்த ஆபீஸ்ல இருக்கோ, தானே போய் நடற கடமையும் அதே ஆபீஸுக்கு இருக்கணும். ஒவ்வொரு தரைப்பாலத்துலயும் அடிக்கணக்கு எழுதின அளவுகோல் கல். ரெண்டு கரையிலயும் ஆத்தோட எல்லைக் கல். மணல் எடுத்த பள்ளத்தைச் சுத்தி, எடுத்தவன் செலவுலயே வேலியும் பலகையும். நொய்டா செஞ்சாலும் சரி, நம்ம நீர்வளத்துறை செஞ்சாலும் சரி.

பி.கு: வேலூர்க்காரங்க யாராவது விருதம்பட்டுப் பக்கம் போனா, 'தேசிய நீர்வழி 75'னு ஏதாவது பலகை இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்களேன். போட்டோ எடுத்து அனுப்பினா பிரியாணி என் செலவு. ஆம்பூர்லதான், வேற எங்க?