பைத்தானுக்கு முன்னால் ஒரு பாடம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 பாடத்திட்டங்களில், எந்தத் துறையில் சேர்ந்த பொறியியல் மாணவருக்கும் முதலாண்டிலேயே பைத்தான் பாடம் உண்டு. 2021 பாடத்திட்டத்தின் ஆய்வகப் பட்டியலில் நம்பை, பாண்டாஸ், பைகேம் போன்ற லைப்ரரிகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இவற்றைத் தன் சொந்தக் கணினியில் நிறுவுவது எப்படி, நிறுவியது ஓடாவிட்டால் எங்கே பார்ப்பது என்பதற்கு அந்தப் பட்டியலில் தனிப் பயிற்சி கிடையாது.

தாம்பரம் மெப்ஸில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். இப்போது சேலையூரில் என் வீட்டு முன்னறையில் மாலை வேளைகளில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். வண்டலூர், கூடுவாஞ்சேரி, மேடவாக்கம் பக்கமிருந்து வருகிறார்கள். லூப் எழுதத் தெரியும், ஃபங்ஷன் எழுதத் தெரியும். விஎஸ் கோடில் ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்டை ஆக்டிவேட் செய்யச் சொன்னால் திரையில் சிவப்பு எழுத்து வரும். அத்தோடு கை நின்றுவிடும்.

விஷயம் சின்னது. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் வேண்டிய லைப்ரரிகளைத் தனித்தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் வெர்ச்சுவல் என்விரான்மென்ட். 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதல் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. ஆக்டிவேட் செய்வதென்றால், ‘பைத்தான் என்று அடித்தால் இந்த ஃபோல்டரில் இருப்பதை எடு’ என்று டெர்மினலுக்குச் சொல்வது, அவ்வளவுதான்.

விண்டோஸில் பெரும்பாலோர் முட்டிக்கொள்வது பவர்ஷெல்லில். ஸ்கிரிப்ட் ஓட்ட இந்தக் கணினியில் அனுமதி இல்லை என்று அது சொல்லும். பாதுகாப்புக்காக மைக்ரோசாஃப்ட் வைத்த தடை அது. பிள்ளைகள் யூடியூப் வீடியோ பார்த்து, அட்மினாகத் திறந்து, மொத்தக் கணினிக்கும் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று போட்டுவிட்டு வருகிறார்கள். தங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் ‘ரிமோட்சைன்ட்’ என்று மாற்றினால் போதும். அதுவும் வேண்டாமென்றால், டெர்மினலை கமாண்ட் பிராம்ப்ட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். பவர்ஷெல்லின் தடை அங்கே இல்லை. இதற்கான துப்பு அந்தப் பிழைச் செய்தியிலேயே இருக்கிறது. எந்த உதவிப் பக்கத்தைப் பார்ப்பது என்றுகூட அதில் எழுதியிருக்கும். ஆனால் யாரும் அந்த வரிகளைப் படிப்பதில்லை.

“அக்கா, லேப்ல ஓடுச்சு, வீட்ல ஓடல” என்று ஒரு பையன் வந்தான். கல்லூரியில் செய்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்து வந்திருந்தான். உள்ளே ‘பைவென்வ்’ என்ற பெயரில் ஒரு சின்ன கோப்பு இருக்கும். அதை நோட்பேடில் திறக்கச் சொன்னேன். ‘ஹோம்’ என்ற வரியில் கல்லூரிக் கணினியின் பைத்தான் இருக்கும் இடம் பளிச்சென்று தெரிந்தது. அவன் மடிக்கணினியில் அப்படியொரு ஃபோல்டரே இல்லை. “அப்போ இதை எடுத்துட்டு வரவே கூடாதா?” என்றான். கூடாது. லைப்ரரிப் பட்டியலை மட்டும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எடுத்து வந்து, வீட்டில் புதிதாக உருவாக்க வேண்டும்.

இன்னொரு வகைச் சிக்கல், லைப்ரரி நிறுவும் ‘பிப்’ கட்டளை போட்டு பாண்டாஸ் இறங்கிவிட்டது, ஆனாலும் பாண்டாஸ் இல்லை என்று புரோகிராம் சொல்வது. டெர்மினல் ஒரு பைத்தானையும் விஎஸ் கோட் வேறொரு பைத்தானையும் பிடித்துக்கொண்டிருக்கும். ஜன்னலின் கீழ் வலது ஓரத்தில் எந்தப் பைத்தான் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மாற்றிவிட்டு, புது டெர்மினல் திறந்தால் சரியாகிவிடும்.

ஆசிரியர்களிடம் கேட்டால், போர்ஷன் முடிக்கவே நேரமில்லை என்கிறார்கள்; லேப் கணினிகளில் எல்லாம் முன்பே நிறுவியிருக்கிறதே என்கிறார்கள். சிக்கலே அங்கேதான். யாரோ நிறுவி வைத்த கணினியில் நாலு வருடம் பழகியவரிடம், ஓ.எம்.ஆரில் வேலைக்குச் சேர்ந்ததும் கேட்கப்படுவது, “இந்த புராஜெக்டை உங்க மெஷின்ல ஓட வைங்க” என்பதுதான். பிழையை அப்படியே ஏஐயிடம் ஒட்டி, அது தருவதை அப்படியே திருப்பி ஒட்டுகிற பழக்கம் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். தன் கணினியில் எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று தெரியாதவருக்கு, ஏஐ சொன்ன பதில் பொருந்துமா என்று எப்படித் தெரியும்?

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. கருவி கைக்கு வந்தது. அதை ஆளும் பழக்கத்தைக் கல்லூரிதான் தர வேண்டும்.

ஆய்வக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் இரண்டு ஆய்வக வகுப்புகளை இதற்கு ஒதுக்குங்கள். மாணவர்களையே நிறுவச் சொல்லுங்கள், பிழை வந்தால் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மாடல் தேர்வில் வேண்டுமென்றே ஓடாத ஒரு புராஜெக்டைக் கொடுத்து, ஓட வைப்பவருக்கு மதிப்பெண் போடுங்கள்.