அடர்த்தின்னா என்னன்னு எண்ணெய் பாக்கெட்டைக் கேளுங்க!

ரொம்ப நாளா மொக்கை போட்டுட்டு இருந்தாச்சு. இன்னிக்கு கொஞ்சம் கோவமான பதிவு மக்களே.

போன வாரம் தங்கச்சி பொண்ணு மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு வந்தா. பரீட்சையில "அடர்த்தி வரையறு"ன்னு கேள்வி. இவ எழுதினது: "ஒரே டம்ளர்ல தண்ணியும் எண்ணெயும் தனித்தனியா அளந்தா தண்ணிதான் கனமா இருக்கும். அதோட அடர்த்தி அதிகம்." முட்டை மார்க்! "ஓரலகு பருமனில் உள்ள நிறை" என்ற வரி இல்லையாம்.

சரி, அது வரையறை இல்லை, உதாரணம்தான். ஒத்துக்கறேன். ஆனா அந்த வரியை அட்சரம் பிசகாம எழுதி முழு மார்க் வாங்கின பசங்கள்ல எத்தனை பேருக்கு இவ சொன்னது தெரியும்?

இது வெறும் மார்க் பிரச்சினைன்னு நினைக்காதீங்க. உங்க வீட்டு எண்ணெய் பாக்கெட்டை எடுத்துப் பாருங்க. ஒரு லிட்டர்னு போட்டு, பக்கத்துலயே 910 கிராம்னு இருக்கும். "லிட்டருக்கு 90 கிராம் அடிச்சுட்டான்"னு சண்டைக்குப் போனவங்களை நான் பார்த்திருக்கேன். அது ஏமாத்து இல்லை. தண்ணியை விட எண்ணெய்க்கு அடர்த்தி குறைவு, அவ்வளவுதான்.

நிஜமான தில்லுமுல்லு வேற இடத்துல இருந்துச்சு. சூடானா எண்ணெய் விரியும், அடர்த்தி குறையும். சில கம்பெனிகள் "60 டிகிரியில் ஒரு லிட்டர்"னு பொடி எழுத்துல போட்டுட்டாங்க. சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில 919 கிராம், 60 டிகிரியில 892.6 கிராம். பாக்கெட்டுக்கு 26 கிராம் போச்சு! 60 டிகிரியில எந்த மளிகைக்கடைய்யா இருக்கு? கடைசியில மத்திய நுகர்வோர் துறை 2022 ஆகஸ்டுல தலையிட்டு, வெப்பநிலை போடாம அளவைப் போடு, எடையையும் சேர்த்துப் போடுன்னு சொல்ல வேண்டியதாச்சு.

நிறை, பருமன், வெப்பநிலை. மூணும் ஒன்பதாம் வகுப்புக்குள்ள படிச்சதுதானே? மனப்பாடம் பண்ணினோம், மார்க் வாங்கினோம், பாக்கெட்டைப் படிக்க மட்டும் தெரியலை.

"நாப்பது பசங்களை வச்சிக்கிட்டு எல்லாத்தையும் அளந்து காட்ட முடியுமா?"ன்னு ஆசிரிய நண்பர்கள் கேப்பீங்க. நியாயம்தான். ஆனா இதுக்கு ஆய்வுக்கூடமே வேண்டாமே! ஒரு அளவுக் குவளை, ஒரு சமையலறைத் தராசு போதும்.

அன்னிக்கு ராத்திரியே செஞ்சோம். குவளையை வச்சு தராசை பூஜ்யமாக்கி, 100 மில்லி தண்ணி ஊத்தினோம்: 100 கிராம். அதே 100 மில்லி எண்ணெய்: 91 கிராம். பொண்ணு கொஞ்ச நேரம் தராசையே பார்த்துட்டு கேட்டா:

"மாமா, பாதி எண்ணெயைக் கொட்டிட்டா அடர்த்தியும் பாதியாயிடுமா?"

"நீயே அளந்து பாரேன்."

50 மில்லி, 45 கிராமும் கொசுறும். வகுத்துப் பார்த்துட்டு அவளே சிரிச்சா. எண்ணெய் குறைஞ்சாலும் அடர்த்தி அதேதான்!

இந்தக் கேள்விக்கு எந்தப் பரீட்சையிலயும் மார்க் கிடையாது. நான் போட்டேன், நூத்துக்கு நூறு.

நீங்களும் வீட்ல அளந்து பார்த்துட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டணும்னாலும் திட்டுங்க, அளந்துட்டு திட்டுங்க :-)