வீர முழக்கமும் விதவைக் கோலமும்

செஞ்சிக் கோட்டைக்கு 2025 சூலைத் திங்களில் ஒரு சிறப்பு வந்து சேர்ந்தது. மராட்டியரின் போர்க்கோட்டைகள் பன்னிரண்டினை உலகப் பாரம்பரியச் சின்னமென யுனெஸ்கோ அறிவித்தது. அவற்றுள் தமிழகத்தில் இருப்பது இஃதொன்றே. மகிழ்ச்சி! மதிலின் உறுதியைப் பாராட்டட்டும், நெற்களஞ்சியத்தின் பருமன் கண்டு வியக்கட்டும். ஆனால், தோழர்களே, 1690 முதல் 1698 வரை அந்த மதிலுக்கு உள்ளே மராட்டியரும் வெளியே மொகலாயரும் பாசறை கொண்டிருந்தனரே, இரு படைகளும் உண்ட நெல் எவன் வயலில் விளைந்தது? சுற்றியிருந்த சிற்றூர்களின் உழவன் எதைத் தின்றான்? அந்தக் கணக்கைக் கேட்கும் பழக்கம் நமக்கு இல்லை.

நாம் கேட்பதெல்லாம் தேசிங்கின் கதை! 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் கேட்ட திறைப்பாக்கியைத் தர மறுத்து, இருபத்திரண்டு வயது இளைஞன், தன்னிலும் பன்மடங்கு பெரிய படையைச் சில நூறு குதிரைவீரருடன் எதிர்த்துப் பாய்ந்தான், மாண்டான். கதைப்பாட்டு அவன் குதிரைக்குக்கூடப் பெயர் சூட்டி நினைவில் வைத்திருக்கிறது. பின்னால் சென்று செத்தவர்களின் பெயர்கள்? அரசி சிதையேறினாள் என்பர்; இராணிப்பேட்டை என ஓர் ஊருக்குப் பெயரும் வைத்தாயிற்று, பத்தினி என்று போற்றியும் ஆயிற்று. எரிந்தது ஓர் இளம்பெண்ணின் உயிருள்ள உடல் என்பதை மட்டும் எவரும் பாடுவதில்லை. ஒன்று சொல்லலாம் தேசிங்கின் பக்கம்: வீரம் பேசியவன் தானே களத்தில் நின்றான்.

அந்த நாணயமும் நம் காலத்தில் போயிற்று. 1914இல் செருமானிய மன்னர் கெய்சர் வில்லியம், மரத்து இலை உதிருமுன் வீடு திரும்பிவிடுவீர் என்று தம் வீரர்க்கு உறுதி கூறினாராம். நான்கு ஆண்டுகள் இலை உதிர்ந்தது. இலட்சக்கணக்கில் இளைஞரும் உதிர்ந்தனர். கெய்சரோ ஆலந்து நாட்டில் அடைக்கலம் புகுந்து, முதுமை எய்தி, 1941இல் மறைந்தார்!

நம் வீட்டுக் கதை வேறா? 1962 அக்டோபர் 12. கொழும்புக்குப் புறப்பட்ட பிரதமர் நேரு, நமது மண்ணை விடுவிக்கும்படி படைக்கு ஆணையிட்டாயிற்று என்று செய்தியாளரிடம் கூறினார்; நாள் குறிப்பது படையின் பொறுப்பாம். ஏடுகள் போர்ப்பறை கொட்டின. அந்நேரம் இமயத்தில், நம்கா சூ ஆற்றங்கரையில், பருத்திச் சீருடையில் விறைத்து நின்ற சிப்பாயிடம் இருந்தவை ஏறத்தாழ 50 தோட்டாக்கள். 20ஆம் நாள் விடியலில் சீனப் படை பாய்ந்தது. ஒரே நாளில் அந்தப் படையணி சிதறியது. ஒரு திங்களில் ஓய்ந்த அப்போரில் 1,383 பேர் மாண்டனர். ஏறத்தாழ 1,700 பேரைக் காணவில்லை. ஏறத்தாழ 4,000 பேர் சிறைப்பட்டனர். இது நம் அரசே தந்த கணக்கு.

சீனத்தின் படையெடுப்புக்கு நான் நியாயம் கற்பிக்கவில்லை. நாட்டைக் காக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாதுகாப்பு நிதிக்கு நாடெங்கும் பெண்கள் நகையைக் கழற்றித் தந்தனர். நம் கழக மேடைகளும் அன்று முழங்கத் தவறவில்லை. முழங்கிய நாமும், காலணிகூடச் சரியாக இல்லாதவனை ஏன் பனிமலைக்கு அனுப்பினீர் என்று உரக்கக் கேட்டோமா?

'காணவில்லை' என்ற சொல்லை எண்ணிப் பார், இளைஞனே! அவன் மனைவி பொட்டை அழிப்பதா, வைத்துக்கொள்வதா? செத்தான் என்று உறுதியானால் நம் சமுதாயம் அவளை மூலையில் உட்காரவைக்கும். திருமண வீட்டில் அவள் எதிரே வந்தால் முகம் சுளிக்கும். உறுதியாகாவிட்டால், வாயிலைப் பார்த்தபடியே நரைக்க வேண்டும். சிதையில் ஏற்றும் கொடுமையைச் சட்டம் ஒழித்தது. இந்தச் சிறுதீயை எந்தச் சட்டம் அணைத்தது?

தோல்வியின் காரணங்களை ஆராய்ந்து எண்டர்சன் புரூக்சு, பகத்து என்னும் இரு படைத்தலைவர்கள் 1963இல் அறிக்கை தந்தனர். ஆட்சிகள் மாறின, காங்கிரசு போய்ச் சனதா வந்தது, பின்னர் பாரதிய சனதாவும் வந்தது. எதிர்வரிசையில் இருந்தபோது அதை வெளியிடு என்றவர்களே, ஆளும் வரிசைக்கு வந்ததும் பூட்டின் சாவியைத் தேடவில்லை. 2014இல் ஓர் அயல்நாட்டுச் செய்தியாளர் அதில் ஒரு பகுதியை வெளியிட்டார், அரசு வெளியிடவில்லை. வாயிலைப் பார்த்திருந்த அந்தப் பெண்களில் பெரும்பாலோர் இதற்குள் இறந்திருப்பர்.